மேப் சொன்ன ஊரும் ஆப் எழுதிக்கொண்ட ஊரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மாணவர்களுக்கு ஆப் எழுதக் கற்றுக்கொடுக்கும் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்துவருகிறேன். தமிழில் இப்படி ஒன்றுக்கு வாராவாரம் அரைப் பக்கம் ஒதுக்குவதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மேப் சேவையிடம் ஒரு முகவரியைக் கொடுத்தால் அது ஜேசானில் பதில் அனுப்பும், அந்தப் பதிலை நமது க்ளாஸுக்குள் ஒரே வரியில் கொட்டிக்கொள்ளலாம், மீதியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அந்த ஒரே வரி சிந்தியதைத் துடைத்துக்கொண்டே பதினான்கு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டுங்கள், ஜேசான் பற்றியதை விட்டுவிடுங்கள்.

கணினி வேலை தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆப்பில் 'மதுரை ஆரப்பாளையம்' என்று தட்டினால் அந்த ஆப்புக்கு ஆரப்பாளையம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அது எங்கோ இருக்கும் மேப் சேவையைக் கேட்கும். அங்கிருந்து அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் எண்களுமாக நீளமாக ஒரு எழுத்து வரும், அந்த எழுத்து முறைக்குப் பெயர்தான் ஜேசான். ஆப்புக்குள்ளோ க்ளாஸ் என்று கட்டம் போட்ட படிவம் ஒன்று தயாராக இருக்கும்: இந்தக் கட்டத்தில் தசம எண், இதில் ஊர்ப் பெயர், இதில் முழு எண். வந்த எழுத்தைப் படித்து அந்தந்தக் கட்டத்தில் ஏற்றுவதைத்தான் டீசீரியலைஸ் செய்வது என்கிறோம், அந்த வேலையைச் செய்ய வேறொருவர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தான் லைப்ரரி. தாலுகா ஆபீஸில் மனுவைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுகிற கிளார்க் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதியவர் ஒரு விதமாக எழுதியிருப்பார், பதிவேட்டின் பத்திகள் வேறு விதமாக இருக்கும், நடுவில் கிளார்க் என்ன நினைத்துக்கொள்கிறாரோ அதுதான் பட்டாவில் விழும். பட்டாவில் பெயர் தப்பாக விழுந்து அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் பெட்டிச் செய்தியில் அந்தப் படிவத்துக்கு நான்கு கட்டம் போட்டிருந்தார்: அட்சம் (வடக்கு தெற்காக எங்கே என்பது) தசம எண், தீர்க்கம் (கிழக்கு மேற்காக எங்கே என்பது) தசம எண், ஊர் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), பின்கோடு முழு எண். பார்க்க அழகாக இருக்கிறது. நான்குமே கவிழும், அதில் முதல் இரண்டும் கவிழ்வது வெளியே தெரியாது, அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மதுரையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, தண்ணீர் கேன் போடும் வண்டிகளுக்கு ஒரு ஆப் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மேப் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினோம், கட்டணம்தான் காரணம். பழைய சேவையில் இருந்த க்ளாஸை அப்படியே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றினோம். பதில் வந்தது, க்ளாஸில் ஏறியது, ஒரு பிழைச் செய்தியும் இல்லை. மறுநாள் காலை திரையில் மேப் முழுக்க நீலம். நெட் மெதுவாக இருக்கிறது, படம் இறங்கவில்லை என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டோம், போனை மாற்றிப் பார்த்தோம். ஒன்றரை மணி நேரம். வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் போன் செய்து, "தம்பி, நான் ஆரப்பாளையத்துல நிக்கிறேன், உங்க ஆளு நான் எங்கயோ நடுக்கடல்ல நிக்கிறேங்கிறாரு, லோடை எங்க இறக்க?" என்றார். அப்போதுதான் எங்களில் ஒருவருக்குத் திரையை இரண்டு விரலால் சுருக்கிப் பார்க்கத் தோன்றியது. சுருக்கச் சுருக்க நீலம் விலகி, வலது பக்கம் பனித்தீவு ஒன்று வந்தது. படம் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது, அது கடலின் படம். எங்கள் வண்டிகள் பதினொன்றும் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். மதுரையின் அட்சம் 9.9, தீர்க்கம் 78.1. பழைய சேவை அட்சத்தை முதலில் தந்தது, புதியது தீர்க்கத்தை முதலில் தந்தது. எங்கள் க்ளாஸ் முதல் எண்ணை அட்சம் என்று எடுத்துக்கொண்டது. 78.1 வடக்கு, 9.9 கிழக்கு: ஸ்வால்பார்டின் மேற்குக் கரையோரக் கடல். சேவை பொய் சொல்லவில்லை, இரண்டு எண்ணும் சரியான எண்கள், இரண்டும் தசம எண்கள், லைப்ரரிக்குக் குறை சொல்ல இடமே இல்லை. எண்ணா எழுத்தா என்கிற டைப் சரியாக இருந்தால் அர்த்தமும் சரியாக இருக்கும் என்று நாங்கள்தான் நம்பிவிட்டோம்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சாபம் உண்டு. அட்சம் 90-க்கு மேல் போகாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதனால் 'அட்சம் 90-ஐத் தாண்டினால் பிழை' என்று ஒரு சோதனை போடுவது வழக்கம், நாங்களும் போட்டிருந்தோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்துகொண்டு எழுதினால் தீர்க்கம் மைனஸ் 122 பக்கம் வரும், எண்கள் இடம் மாறினால் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். நமக்கு 76-லிருந்து 80 வரை. தமிழ்நாடு முழுவதையும் புரட்டிப் போட்டாலும் அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது, ஆர்க்டிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சென்னையைப் புரட்டினால் 80.27 வடக்கு, 13.08 கிழக்கு, ஸ்வால்பார்டின் வடமேற்கு ஓரத்தைத் தாண்டிய கடல். குவாஹாட்டிக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவருடைய தீர்க்கம் 91-ஐத் தாண்டிவிடும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகள்தான் உதாரணம், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு அங்கே பிடிபடும் தப்பு இங்கே பிடிபடாமல் போகிறது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வால்பார்டில் நியூ ஆலசுண்ட் என்று ஒரு சின்ன ஊர், ஆராய்ச்சிக்காகவே இருக்கும் இடம். 2008-இல் இந்தியா அங்கே ஹிமாத்ரி என்ற ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அதன் இருப்பிடம் ஏறக்குறைய 78.9 வடக்கு, 11.9 கிழக்கு. இதைப் புரட்டினால் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் பக்கம் வந்து நிற்கும். சங்கராபுரத்துக்கு டெலிவரி போடுகிற ஆப்பில் இந்தத் தப்பு நடந்தால் குறைந்தபட்சம் பார்சலை வாங்கிக்கொள்ள அங்கே இந்தியர்கள் இருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எது முதலில் வர வேண்டும் என்று உலகத்தில் ஒரு முடிவு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பாதி. இடங்களை ஜேசானில் எழுத ஜியோஜேசான் என்று ஒரு முறை, 2008-இல் முதல் வடிவம் வந்தது, 2016 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7946 என்ற பொது விதியாகவே வெளியானது. அதன்படி தீர்க்கம் முதலில், அட்சம் அடுத்து. வரைபடத்தாளில் எக்ஸ் முதலில், ஒய் அப்புறம் என்று எழுதுகிற பழக்கம்தான். ஆனால் வாயால் சொல்லும்போது எல்லோரும் அட்சத்தைத்தான் முதலில் சொல்கிறோம். மைக்ரோசாஃப்டின் பிங் மேப்ஸ் சேவை தன் பதிலில் ஜியோஜேசானின் அதே சொற்களை வைத்திருந்தது, வகை 'பாயிண்ட்', கீழே 'கோஆர்டினேட்ஸ்' என்று ஒரு பட்டியல். ஆனால் பட்டியலுக்குள் அட்சம்தான் முதலில். ஒரே பெயர், ஒரே வடிவம், நேரெதிர் அர்த்தம். அந்தச் சேவையை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, சாதாரணக் கணக்குகளுக்கு 2025 ஜூன் 30 கடைசி என்று வைத்தது, பெரிய நிறுவனக் கணக்குகளுக்கு 2028 ஜூன் 30 வரை தவணை. மாறிப்போகச் சொன்ன இடம் அவர்களுடைய இன்னொரு மேப் சேவையான அஷ்யூர் மேப்ஸ். அங்கே புதிய முகவரித் தேடல் உண்மையான ஜியோஜேசானில் பதில் தருகிறது, தீர்க்கம் முதலில். பழைய க்ளாஸை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு லைப்ரரி எந்தத் தடையும் சொல்லாது, வகையும் பெயரும் பொருந்துகின்றன, உள்ளே எண்கள் மட்டும் தலைகீழ். இந்த மாற்றத்தை இப்போது செய்துகொண்டிருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ, அவர்கள் கண்ணில் இந்தக் கடிதம் பட்டால் நல்லது.

ஒரு ஊரின் எல்லையைச் சொல்ல நான்கு எண்கள் வரும், தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு ஓரங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இயங்கும் முகவரித் தேடல் சேவையான நாமினேட்டிம் தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு என்று தரும். ஜியோஜேசான் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. பிங் மேப்ஸ் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு. மூன்றிலும் உங்கள் க்ளாஸில் எழுதப்போவது ஒன்றேதான்: நான்கு எண் கொண்ட பட்டியல்.

இதற்கு நான் கண்ட மருந்து மிகச் சாதாரணமானது. பட்டியலைப் பட்டியலாகவே ஆப்புக்குள் உலவ விடக்கூடாது. வாசலிலேயே பிரித்து, இது அட்சம், இது தீர்க்கம் என்று பெயர் போட்ட ஒரு சின்ன ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட வேண்டும். மாற்றுகிற இடத்தில், உள்ளூர் ஆப்தான் என்றால், அட்சம் 6-க்கும் 38-க்கும் நடுவில், தீர்க்கம் 68-க்கும் 98-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்தியா அதற்குள் அடங்கிவிடும். இரண்டு எல்லையும் ஒன்றோடொன்று உரசவே உரசாது, அதனால் புரண்டுபோன எண் தப்பிக்க வழியில்லை. எங்கள் ஆப்பில் இதற்கு இரண்டு வரி ஆனது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு வரி.

அடுத்தது, தசம எண் என்று அவர் சொன்ன கட்டம். அங்கே வருவது தசம எண்தானா? நாமினேட்டிமின் வழக்கமான ஜேசான் பதிலில் அட்சமும் தீர்க்கமும் மேற்கோள்குறிக்குள் வரும். அதாவது அது எண் அல்ல, எண் மாதிரி தெரிகிற எழுத்து. சி ஷார்ப் மொழியில் நியூட்டன்சாஃப்ட் லைப்ரரி இதைக் கண்டுகொள்ளாமல் எண்ணாக மாற்றிக்கொடுத்துவிடும். 2019-இல், சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட் கோர் 3.0-உடன் வந்த புதிய லைப்ரரி, நாமே அனுமதி கொடுத்தாலொழிய மறுத்துவிடும். மறுப்பதுதான் நல்லது என்பது என் கட்சி, ஆனால் மறுத்ததும் நம் ஆட்கள் செய்வது என்ன? கட்டத்தை ஸ்ட்ரிங் ஆக்கிவிட்டு, அப்புறம் தேவைப்பட்ட இடத்தில் தாங்களே எண்ணாக மாற்றிக்கொள்வது. அங்கே ஒரு குழி. போனின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் அந்த மாற்றம் நடக்கும். ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. ஜெர்மன் அமைப்பு வைத்த கருவியில் 13.0827 என்பதை டாட்நெட் 130827 என்று படிக்கும். மதுரையில் எழுதி மதுரையில் சோதித்தால் ஆயுசுக்கும் தெரியாது, பெர்லினில் இருக்கும் உங்கள் மாமா மகன் ஊருக்கு வருமுன் ஆப்பைத் திறந்து பார்க்கும் அன்றைக்குத் தெரியும். மாற்றும்போது எந்த நாட்டு வழக்கமும் இல்லாத பொது முறையில் படி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

உங்கள் தொடர், டார்ட் மொழியில் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் நடப்பதால் இன்னொன்று. ஜேசானில் எண் என்று ஒரே ஒரு வகைதான், முழு எண் வேறு தசம எண் வேறு என்ற பிரிவு கிடையாது. டார்ட் மொழியில் உண்டு. ஓஎஸ்ஆர்எம் என்ற பாதை காட்டும் சேவையிடம் படிப்படியாக வழி கேட்டால் ஒவ்வொரு படிக்கும் தூரம் மீட்டரில் வரும், 350.7, 1204.2 என்று. கடைசிப் படி, போய்ச் சேர்ந்துவிட்ட இடம், அங்கே தூரம் வெறும் 0. தசமம் என்று எழுதி வைத்த கட்டத்தில் முழு எண் வந்துவிட்டது என்று ஆப் அந்த இடத்திலேயே விழும். இன்னும் கொடுமை, இதே நிரலை பிரவுசரில் ஓட்டிப் பார்த்தால் விழாது, அங்கே இரண்டு வகையும் அடியில் ஒன்றுதான். மாணவர் வீட்டு லேப்டாப்பில் ஓட்டுவார், ஓடும். போனில் போட்டு ஆசிரியரிடம் காட்டுவார், படுத்துக்கொள்ளும். எந்த எண் வந்தாலும் வாங்கிக்கொண்டு பிறகு தசமமாக மாற்று என்று எழுதுவதற்கு ஒரு சொல் கூடுதல், அவ்வளவே. அந்த ஒரு சொல்லைப் பெட்டிச் செய்தியில் போட இடமில்லாமல் போய்விட்டது.

ஊர் என்ற கட்டத்துக்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த கட்டம். மேப் சேவைக்கு ஊர் என்று ஒன்று தெரியாது. நாமினேட்டிம் சென்னைக்கு 'சிட்டி' என்ற பெயரில் தரும், சின்ன நகரத்துக்கு 'டவுன்', கிராமத்துக்கு 'வில்லேஜ்', அதற்கும் கீழே 'ஹேம்லெட்'. பெரும்பாலும் ஒன்று வந்தால் மற்றது வராது, கட்டமே இருக்காது. சென்னையில் உட்கார்ந்து எழுதியவர் 'சிட்டி' என்று ஒரு கட்டம் போட்டு, அது எப்போதும் இருக்கும் என்று உறுதி வேறு கொடுத்திருப்பார். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியில் அப்படி உறுதி கொடுத்த கட்டத்துக்குள்ளும் ஜிசான் லைப்ரரி சத்தமில்லாமல் நல், அதாவது 'ஒன்றுமில்லை' என்ற குறியை, வைத்துவிட்டுப் போகும், மொழி கொடுத்த பாதுகாப்பை லைப்ரரி கொல்லைப்புற வழியாகத் தாண்டிவிடும். அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு திரையில், கிராமத்து வாடிக்கையாளருக்கு மட்டும், ஆப் நிற்கும். நகரத்தில் இருக்கிற நமக்கு அந்தப் புகாரே புரியாது. கிராமத்து ஆட்களுக்குப் போன் பயன்படுத்தத் தெரியவில்லை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன்.

எழுத்தாக வரவேண்டியது வராவிட்டால் நல். எண்ணாக வரவேண்டியது வராவிட்டால் பல மொழிகளில் அந்தக் கட்டம் 0 என்று நிற்கும், அது இன்னும் ஆபத்து. டாட்நெட்டின் புதிய லைப்ரரியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இருந்தாலே போதும், பெயர் பொருந்தவில்லை என்று பேசாமல் தாண்டிப்போய்விடும். அட்சம் 0, தீர்க்கம் 0. அந்த இடம் கானா நாட்டுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. அங்கே நிலம் எதுவும் இல்லை. மேப் தொழிலில் இருப்பவர்கள் அந்த வெறுங்கடலுக்கு 'நல் தீவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள், அத்தனை ஆப்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. கட்டத்தைக் காலியாகவும் இருக்கலாம் என்ற வகையில் அறிவித்தால், வராதது வராததாகவே தெரியும். 0 என்பது ஒரு பதில், காலி என்பது பதில் இல்லாமை. சம்பளப் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாத கணக்கர் ஒருநாள் வேலையில் நிலைப்பாரா?

பின்கோடு முழு எண்ணாம். பின்கோட்டைக் கூட்டிக் கழிக்கப்போகிறோமா? மேப்பில் ஒருவர் '600 004' என்று நடுவில் இடம் விட்டு ஏற்றியிருந்தால் முடிந்தது. நம் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்காது என்பதால் இங்கே ஓரளவு பிழைத்துக்கொள்ளலாம், அமெரிக்காவின் 02139 போன்றவை முன்னால் உள்ள பூஜ்யத்தை இழந்துவிடும். கதவு எண்ணையும் இப்படி முழு எண்ணாக வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சென்னையில் 'பழைய எண் 5, புதிய எண் 11' என்று இல்லாத தெரு உண்டா?

எண்ணாகவே இருக்க வேண்டியதிலும் அளவு பார்க்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடையாள எண். சாதாரண 32 பிட் முழு எண் 214 கோடிச் சொச்சத்தோடு நின்றுவிடும், அந்தப் புள்ளிகளின் எண் 2013-லேயே அதைத் தாண்டிவிட்டது. இன்றும் அந்தச் சின்னக் கட்டத்தில் திணிக்கும் நிரல்களைப் பார்க்கிறேன்.

அப்புறம் பதில் என்று வந்ததெல்லாம் பதிலா என்ற கேள்வி. கட்டுரையில், சர்வர் 'சரி' என்று சொல்லும் எண்ணான 200 வந்தால் வெற்றி என்று இருந்தது. கூகுளின் முகவரித் தேடல் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் 200 தான் தரும். உள்ளே 'ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தில்தான் முடிவு பூஜ்யம் என்று எழுதியிருக்கும். நாமினேட்டிமில் இடத்தைத் தேடிக் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் வரும், முதல் முடிவை எடு என்று எழுதிய வரி அங்கே கவிழும். அட்சம் தீர்க்கம் கொடுத்து முகவரி கேட்டுக் கிடைக்காவிட்டால் 'எரர்' என்ற ஒரே கட்டம் மட்டும் வரும், அதை முகவரி க்ளாஸில் கொட்டினால் எல்லாக் கட்டமும் காலியாக ஒரு முகவரி பிறக்கும். நடுவில் நிற்கும் ஏதோ ஒரு சர்வர் மூச்சு விட முடியாமல் 502 என்ற பிழை எண்ணோடு ஒரு இணையப் பக்கத்தையே அனுப்பும் நாட்களும் உண்டு, அப்போது 'எதிர்பாராத எழுத்து' என்று லைப்ரரி புலம்பும். புதிதாக வருபவர்கள் அந்தப் புலம்பலைப் பார்த்துத் தங்கள் க்ளாஸைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள், பாவம். வந்தது ஜேசானே இல்லை.

தமிழ்ப் பத்திரிகை என்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன்: மேப் சேவையிடம் பதிலைத் தமிழில் கேட்கலாம் என்பதை ஏன் தொடரில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை? நாமினேட்டிமிடம் மொழி தமிழ் என்று சொன்னால், தன்னார்வலர்கள் தமிழ்ப் பெயர் ஏற்றியிருக்கும் ஊர்களுக்குத் தமிழிலேயே பெயர் தரும். சில சேவைகள் தமிழை யூனிகோடு குறியீடுகளாக உடைத்து அனுப்பும், 'மதுரை' என்ற சொல் முப்பது எழுத்து நீளத்துக்குச் சாய்கோடும் எண்ணுமாகத் தெரியும். தரவு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், லைப்ரரி சரியாகவே சேர்த்துத் தரும். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. கொடைக்கானலின் 'கொ', கோவையின் 'கோ' இவற்றை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்த்தால் கணினி வேறு வேறு என்று சொல்லும். நம் பட்டியலில் இருக்கும் கோவையும் சேவை அனுப்பிய கோவையும் பொருந்தவில்லை என்று ஒரு முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். பதிலைக் க்ளாஸில் ஏற்றும் இடத்திலேயே எல்லா எழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடே ஒரு முறை வைத்திருக்கிறது, அதற்கும் ஒரே ஒரு அழைப்புதான். ஆங்கிலப் பாடநூல் எதிலும் இந்த உதாரணம் வராது, உங்கள் தொடரில் வரலாம்.

இவ்வளவையும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். நியாயம்தான், எட்டாவது வாரத்தில் யாருக்கும் தலைவலி தேவையில்லை. எல்லாவற்றையும் கறாராக மறுத்துவிடு என்றும் நான் சொல்லவில்லை. ஜாவாவின் ஜாக்சன் 2 லைப்ரரி, க்ளாஸில் இல்லாத புதுக் கட்டம் ஒன்று வந்தாலே இயல்பு நிலையில் பிழை சொல்லும். மேப் சேவைகள் சொல்லாமல் கொள்ளாமல் புதுக் கட்டங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், அதற்கெல்லாம் ஆப் செத்துப்போனால் எப்படி? தேவையில்லாதது கூடுதலாக வந்தால் கண்டுகொள்ளாதே, தேவையானது வராவிட்டால் மட்டும் கத்து என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். இரண்டு க்ளாஸ். முதலாவது சேவை என்ன அனுப்புகிறதோ அதன் நகல், அவர்கள் வைத்த பெயரோடு, எல்லாக் கட்டமும் காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு. இரண்டாவது எங்கள் ஆப்புக்குத் தேவையானது மட்டும்: அட்சம், தீர்க்கம், ஊர், காட்ட வேண்டிய முகவரி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற ஒரே ஒரு ஃபங்ஷன், மேலே சொன்ன சந்தேகம் எல்லாம் அதற்குள். சிட்டி இல்லையா, டவுனைப் பார், அதுவும் இல்லையா, வில்லேஜைப் பார். எண் எல்லைக்குள் இல்லையா, வந்த பதிலை அப்படியே பதிவுசெய்துவிட்டு 'இடம் கிடைக்கவில்லை' என்று சொல். நாளைக்குச் சேவையை மாற்றினால் முதல் க்ளாஸும் அந்த ஃபங்ஷனும் மட்டும் மாறும், மற்ற திரைகள் நிம்மதியாகத் தூங்கும். கூடவே, உண்மையில் வந்த பதில்களை அப்படியே கோப்பாகச் சேர்த்துவைத்திருக்கிறோம்: ஒரு மாநகரம், ஒரு கிராமம், கிடைக்காத முகவரி, 502 பக்கம், பழைய எண் புதிய எண் போட்ட ஒரு சென்னைத் தெரு. நிரலைத் தொட்டால் இந்தக் கோப்புகளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவோம். பிள்ளைகளுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது? உன் ஊரைத் தேடி வந்த பதிலைச் சேமித்துக் கொண்டுவா என்று வீட்டுப்பாடம் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தங்கள் ஊர் மேப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும், நாமினேட்டிமின் பொதுச் சேவையை நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அவர்கள் விதி. ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இடம் இல்லாவிட்டால் ஒன்றே ஒன்றுக்காவது திருத்தம் போடுங்கள். போன வாரப் பெட்டியின் முதல் வரியில், இந்தச் சேவை ஜியோஜேசான் முறையில் பதில் தரும் என்று இருக்கிறது. ஆறாவது வரியில் கோஆர்டினேட்ஸ் பட்டியலின் முதல் எண்ணை எடுத்து அட்சம் என்ற கட்டத்தில் வைத்திருக்கிறார். அது தீர்க்கம். எங்கள் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர் அந்தப் பெட்டியைக் கத்தரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். தப்பு என்று சொன்னால், "பேப்பர்லயே வந்திருக்கு சார்" என்கிறார். நீங்கள் திருத்தம் போட்டால் அதையும் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை